கைக்காசும் கோயில் காசும்

1787ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு ஷெரீப் என்ற நீதிமன்ற அதிகாரி சீல் வைத்தார். கட்டியவர் கடனைத் தீர்க்க முடியாமல் போனதால் கோயில் ஜப்திக்கு வந்துவிட்டது. அவர் பெயர் யோகான் சகரியா கீர்நாந்தர், சுவீடன் நாட்டவர். வங்காளத்துக்குப் போன முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி என்று சரித்திரத்தில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் அவர் ஊழியம் பழகியது எங்கள் கடலூரில். 1740இல் இங்கே வந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த பிறகுதான் ஊரை விட்டார்.

கல்கத்தாவில் அவர் கை ஓங்கியது. முதல் மனைவி இறந்தபின் வசதியான ஒரு விதவையை மணந்தார். பெரும்பாலும் சொந்தப் பணத்தைப் போட்டு மிஷன் கோயிலைக் கட்டி 1770இல் திறந்தார். இரண்டாம் மனைவியும் இறந்தபோது அந்த அம்மாளின் நகைகளை விற்றுப் பள்ளிக்கூடம் கட்டினார். அச்சுக்கூடமும் இருந்தது. இந்தியாவின் முதல் செய்தித்தாளை நடத்திய ஹிக்கி, மிஷன் அச்செழுத்துகளைப் போட்டிப் பத்திரிகைக்கு விற்றதாக அவரைச் சாடி எழுதி அவதூறு வழக்கில் மாட்டிக்கொண்டார். கடைசியில் மகனுடைய கட்டட வியாபாரம் கவிழ்ந்து தந்தையையும் இழுத்துக்கொண்டு போனது. கோயில் அவருடைய சொத்தாக இருந்ததால் கடன்காரர்கள் அதையும் விடவில்லை. சார்லஸ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கட்டிக் கோயிலை மீட்டு, தன்னையும் சேர்த்து மூன்று பேர் பொறுப்பில் ஒரு டிரஸ்டாக எழுதிவைத்தார். கீர்நாந்தர் டச்சுக்காரர்களின் சின்சுராவுக்குப் போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எவனோ வந்து கட்டுவான் என்று காத்திருந்தால் அந்தக் கோயிலே எழுந்திருக்காது. துணிந்து பையை அவிழ்த்தார். கெட்டது எங்கே என்றால், அவர் பையும் கோயில் பையும் ஒரே பையாக இருந்ததில். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். இப்போது எங்கள் சபைக்குப் பொருளாளர். ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் யாராவது "தலைமைத்துவம்" என்று பேச ஆரம்பித்தால் என் மனம் நேராகக் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறது.

அந்தப் பேச்சு இப்போது ரொம்பவே பெருகியிருக்கிறது. புதுச்சேரியில் ஏதாவது ஓட்டல் அரங்கில் ஊழியர்களுக்கான கருத்தரங்கு நடக்கும். கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டுவார். போதகர் ஒரு தொழிலதிபரைப்போல் சிந்திக்க வேண்டும், தரிசனம் வேண்டும், இலக்கு வேண்டும், ஐந்து ஆண்டுத் திட்டம் வேண்டும் என்பார். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். திரும்பி வரும் போதகர்கள் இரண்டு வாரம் உற்சாகமாக இருப்பார்கள். கோட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சபைகளில் புதிதாக ஒன்றைத் தொடங்கும் துணிச்சல் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர் சொல்லாத பாதிதான் எனக்கு முக்கியம். வியாபாரி தோற்றால் அவனுடைய முதல் போகும். சபை தோற்றால் போவது, பென்ஷன் வாங்கிய அன்றே கவரில் போட்டுக் காணிக்கைத் தட்டில் வைக்கிற கிழவியின் பணம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்தைப் பார்த்தால், திருச்சபையில் இப்படித் தொடங்கியவர்களுக்குக் குறைவே இல்லை. புதுச்சேரியில் 1844ஆம் ஆண்டு ஒன்றே போதும். அந்த ஆண்டு ஆயர் பொனான் தலைமையில் அங்கே ஒரு மாமன்றம் கூடியது; கல்வியில் இறங்க வேண்டும் என்பது அதில் பெரிய விஷயம். பெத்தி செமினேர் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டு. மிஷன் அச்சகத்தை நடத்திக்கொண்டிருந்த துப்புயி என்ற பிரெஞ்சுக் குரு, அதே ஆண்டு அக்டோபரில், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கவென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாளின் மாசற்ற இருதயத்தின் பெயரால் அமைந்த அந்தப் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை இன்றும் பள்ளிகள் நடத்துகிறது.

அந்தக் காலத்தில் "கௌரவமான" வீட்டுப் பெண் எழுத்துப் படிப்பது கேவலம் என்று ஊர் நினைத்தது. படிக்கத் தெரிந்த பெண் என்றால் தேவதாசி என்ற எண்ணம். துப்புயி அந்த எண்ணத்தோடு மோதினார். அச்சக வேலையையும் விடவில்லை. முசே என்ற இன்னொரு குருவோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றையும் முடித்தார். அச்சகத்தில் புத்தகம், பள்ளியில் புத்தகம் படிக்க ஆள், ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியை என்று ஒன்றுக்கொன்று பிடிமானமாக அமைத்த மூளை அவருடையது. இதைத்தான் நான் தொழில்முனைவு என்பேன். அவருடைய கடன் எதற்காகவும் அந்தச் சபைக்கு யாரும் சீல் வைக்கவில்லை. அவர் போன பிறகும் அது நின்றது. ஏனென்றால் அது அவருடையதாக இருக்கவில்லை, அந்தப் பெண்களுடையதாக இருந்தது.

புதுச்சேரியில் இன்னொன்று. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இல் அங்கே வந்தார்கள். ரோமன் ரோலண்ட் வீதியில் அவர்களுடைய பழைய பிரெஞ்சு வீட்டில் எம்பிராய்டரி நிலையம் இன்றும் நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் நுழைந்து மேசைவிரிப்பும் கைக்குட்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, துணியில் பென்சில் கோட்டின் மேல் ஊசி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. எனக்கு அந்தக் கடையில் பிடித்தது விலைச்சீட்டு. தர்மத்துக்காக வாங்குங்கள் என்று கெஞ்சாத விலை. வேலைக்குத் தகுந்த விலை.

வியாபாரம் கோயிலுக்கு ஆகாது என்பவர்களுக்கு மங்களூரில் ஜெர்மன் மிஷனரிகள் அதிகம் இருந்த பாசல் மிஷன் ஓடு சுட்ட கதையைச் சொல்வேன். மதம் மாறியதால் பிழைப்பு போனவர்களுக்கு வேலை வேண்டும் என்று நெசவும் ஓட்டுத் தொழிலும் தொடங்கினார்கள். 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை. முதல் உலகப் போரில் எதிரிநாட்டுச் சொத்து என்று வெள்ளைக்கார அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது. ஓடு மட்டும் மங்களூர் ஓடாகவே நம் வீடுகளின் மேல் தங்கிவிட்டது.

இப்போது எங்கள் சபைக்கு வருகிறேன். சாலையை ஒட்டிக் கோயிலுக்குக் கொஞ்சம் காலி மனை இருக்கிறது. அதில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை. கொண்டுவந்தவர் ஊரில் நல்ல வியாபாரி, நல்ல மனிதர், பேச்சும் நன்றாக வரும். "ஐயா, ஒரு முகூர்த்தத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இத்தனை முகூர்த்தம்" என்று பெருக்கிக் காட்டினார். கமிட்டியில் பாதிப் பேருக்கு அப்போதே மண்டபம் தெரிந்துவிட்டது. முன்வாசலில் கல்வெட்டும் தெரிந்திருக்கும். தங்கள் பெயர் எத்தனையாவது வரி என்பது உட்பட.

நான் கேட்டது சின்னக் கேள்விகள். மத நிறுவனம் தன் வளாகத்துக் கூடத்தை வாடகைக்கு விட்டால் நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதைத் தொட்டால் வரி. கடை கட்டி விட்டாலும் மாதம் 10,000க்குக் கீழேதான் விலக்கு. அவர் பெருக்கிய வாடகை அந்தக் கோட்டைத் தாண்டி எங்கேயோ இருந்தது. தர்ம ஸ்தாபனம் வியாபாரம் செய்தால் அதற்கெனத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதை எழுத ஆள் யார், சம்பளம் யார் தருவது? ஆனி ஆவணியில் நிறையும் மண்டபம் ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்யும்? வங்கிக் கடனுக்கு ஜாமீன் எது, மனையா, கோயிலா? கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பானல்லவா என்று இயேசுவே கேட்டிருக்கிறார் என்றும் சொல்லிப்பார்த்தேன். "பொருளாளர் ஐயாவுக்கு விசுவாசம் குறைவு" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும்தான்.

விசுவாசமும் கணக்கும் விரோதிகள் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தார் என்று எல்லாப் பிரசங்கியும் சொல்வார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப்பணத்தை அவர் எப்படி அனுப்பினார் என்பதைச் சொல்பவர் குறைவு. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டார். அந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்று கொரிந்தியருக்கு வெளிப்படையாகவே எழுதினார். அப்போஸ்தலனுக்கே இரண்டாம் கையெழுத்து தேவைப்பட்டது.

எங்கள் சபையில் உண்மையாகவே ஒன்றைத் தொடங்கி நடத்திக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாரும் டீச்சர் அம்மா என்போம். எந்தக் கருத்தரங்குக்கும் போனவர் அல்லர். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தப் பக்கம் சாலையோரக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு ஒரு கிளைச் சபை உண்டு. அங்கே பல பெண்களுக்கு முந்திரி உடைப்பதுதான் பிழைப்பு. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து உரிந்திருக்கும். நற்கருணைக்குக் கை நீட்டும்போது பார்த்திருக்கிறேன். மரம் போனதும் அந்தக் கூலியும் போனது. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

நாங்கள் அரிசி, பாய், தார்ப்பாய் கொடுத்தோம்; புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். டீச்சர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "நிவாரணம் தை மாதத்தோடு தீர்ந்துவிடும். மாசியில் இவர்கள் என்ன செய்வார்கள்?" யாரிடமும் பதில் இல்லை.

பெண்கள் சங்கத்தில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். அந்தப் பணத்தைக் கேட்டார் டீச்சர் அம்மா. போதவில்லை. தன் வளையலை அடகு வைத்து இரண்டு பழைய தையல் இயந்திரங்கள் வாங்கினார். அடகுச் சீட்டை ஒளிக்கவில்லை. சங்கத்துக் கணக்கு நோட்டிலேயே "டீச்சருக்குத் தர வேண்டிய கடன்" என்று ஒரு பக்கம் போட்டு ஒட்டிவைத்தார். வளையலை மீட்டதும் அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு. நான் வாழ்நாளில் பார்த்த கணக்குகளில் சுத்தமானவற்றில் அது ஒன்று. கைக்காசு இங்கே, கோயில் காசு அங்கே, நடுவில் ஒரு தேதி.

முதலில் ஊறுகாய் போட்டார்கள். வடுமாங்காய். இரண்டாவது ஈட்டிலேயே பூஞ்சை பிடித்தது. கோயில் ஊறுகாய் என்று முகம் சுளித்துக்கொண்டே வாங்கினவர்களும் நின்றுவிட்டார்கள். டீச்சர் அம்மா அடுத்த கூட்டத்தில் "ஊறுகாயை மூடுகிறோம்" என்றார். சிலர் ஜெபித்துப் பார்க்கலாம் என்றார்கள். "ஜெபித்துவிட்டுத்தான் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த ஜாடிகளை எடைக்குப் போட்டு நஷ்டத்தை நோட்டில் எழுதினார்.

இந்த மூடும் வேலை எங்கள் சபைகளுக்கு வராது. ஜெபித்துத் தொடங்கியதால் மூடினால் ஜெபம் பொய்யாகிவிடும் என்ற பயம். யாருமே வராத வாசகசாலை, பிள்ளைகளே சேராத விடுதி, பூட்டிக் கிடக்கும் மருந்தகம் என்று சபைகளின் வளாகங்களில் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றின் வாசலிலும் கல்வெட்டு. பேராயர் பெயர், தேதி, வசனம். கல்லில் வெட்டிய பிறகு யார் கைவைப்பது? தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும் என்கிறார்கள். எங்களுக்குப் பற்றாக்குறை மூடும் துணிச்சலில்.

பிறகு தையல் பிடித்துக்கொண்டது. ரவிக்கை, பள்ளிச் சீருடை, காஜா வேலை. 2019 ஜனவரி முதல் தேதி தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது ஜவுளிக்கடைகள் துணிப்பை கேட்டன. பழைய சேலை, மில் வெட்டுத்துணி என்று பொறுக்கி எடுத்துத் தைத்தார்கள். பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். கமிட்டிக்காரர்களுக்குக் கடன் கிடையாது என்று ஒரு விதி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு முறை கடனுக்குக் கேட்டுப் பார்த்து மூக்கறுபட்டிருக்கிறோம். சில ஆண்டுகளில் டீச்சர் அம்மா நோட்டை முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் எட்டாம் வகுப்பு. முதல் ஆறு மாதம் கூட்டலில் தப்பு வந்தது. டீச்சர் அம்மா திருத்தவில்லை, சுழித்து மட்டும் காட்டுவார். இப்போது கூட்டல் சரியாக வருகிறது, விலை பேசுவதும் வருகிறது. ஜவுளிக்கடை முதலாளி பாக்கி வைத்தால் கடை வாசலிலேயே போய் நிற்கும் தைரியமும் வந்துவிட்டது.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. டீச்சர் அம்மாவே அந்தக் கிராமத்துப் பெண்ணாக இருந்து இதைத் தொடங்கியிருந்தால் எங்கள் கமிட்டி இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியிருக்குமா? ஆட்டியிருக்காது. யார் யோசனை சொல்கிறார் என்பதை வைத்தே யோசனையை எடைபோடும் பழக்கம் தமிழ்ச் சபைகளில் இன்னும் போகவில்லை, அதன் பெயர் சாதி. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியை அனுமதித்ததால் அதனோடு முட்டிக்கொண்டு வெளியேறி, பண்ருட்டிச் சாலையில் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாக ஊழியத்தைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. சம்பளம் தருகிற இடத்தை விட்டு வெளியேறித் தொடங்கிய துணிச்சலைப் பற்றியும் கருத்தரங்கில் ஒரு படம் காட்டலாம்.

சுயாதீனச் சபைகளைப் பற்றி எங்கள் கமிட்டியில் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையோரம் தகரக்கொட்டகையில், வாடகை நாற்காலியில், ஒரு கீபோர்டை வைத்துத் தொடங்குகிற இளம் போதகரைப் பாருங்கள். வாடகை அவர் பொறுப்பு, மைக் அவர் பொறுப்பு. நடுராத்திரி ஜிப்மர் வாசலில் நோயாளியின் குடும்பத்தோடு நிற்பதும் அவர்தான். எங்கள் போதகர் ஐயாவை அந்த நேரத்துக்கு எழுப்ப எங்களுக்கே தயக்கம். தொழில்முனைவு என்றால் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் மனை யார் பெயரில்? பெரும்பாலும் போதகர் பெயரில், இல்லையென்றால் மனைவி பெயரில். அடுத்த போதகர் யார்? மகன். காணிக்கைக் கணக்கைக் கேட்டால், அபிஷேகம் பெற்றவனைத் தொடாதே என்ற வசனம் பதிலாக வரும். ஒவ்வொரு கொட்டகைக்குள்ளும் ஒரு கீர்நாந்தர் இருக்கிறார். மீட்க ஒரு சார்லஸ் கிராண்ட் கிடைப்பாரா என்பது நிச்சயமில்லை.

எங்களைப் போன்ற பழைய சபைகளின் வியாதி நேர் எதிர். இங்கே எதுவும் யாருடையதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதகருக்கு மாற்றல். வந்தவர் முதல் ஆண்டு ஊரைப் படிப்பார், இரண்டாம் ஆண்டு ஏதாவது தொடங்குவார், அது வேர் பிடிக்கும்போது மாற்றல் ஓலை வந்துவிடும். அடுத்து வருகிறவருக்கு அது முந்தினவருடைய பிள்ளை, யார் வளர்ப்பார்கள்? கத்தோலிக்கப் பங்குகளிலும் இதே கதை என்று மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் சொல்வார். அங்கே பங்குத்தந்தை மாறினாலும் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் தெருவாரியாக இருப்பதால் வேலை கொஞ்சம் நிற்கிறதாம். எனக்கு அதில் பொறாமை உண்டு.

வெளிநாட்டுப் பணம் என்ற பழைய தலையணையும் மெலிந்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது என்றானது. பணம் வந்து இறங்குவதும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான். பெரிய நிறுவனத்திடம் வாங்கிச் சின்னச் சின்ன வேலைகளை நடத்திவந்த சபைகளுக்கு அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டது. எனவே மண்டபக்காரர் ஒன்றும் வீணாகப் பேசவில்லை. சபைக்குச் சொந்த வருமானம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வருமானத்துக்கு மண்டபம் என்பதே எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இந்தத் தெருவிலேயே போதுமான மண்டபங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடமில்லாமல் எத்தனையோ தாய்மார் தவிக்கிறார்கள். முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும். இவற்றுக்கும் கட்டணம் வாங்கலாம், கணக்கும் எழுதலாம். கல்வெட்டுதான் கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

அடுத்த கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இது. மண்டபமோ முதியோர் பகல் இல்லமோ எதுவானாலும் கோயில் மனையை அடகு வைக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, மூன்று கையெழுத்து, அதில் ஒன்று பெண்கள் சங்கத்துடையது. இரண்டு ஆண்டில் கையைக் கடித்தால் மூடிவிடுவோம் என்று இப்போதே தீர்மானம். கொண்டுவருகிறவர் தன் பணத்தைப் போட்டால் அது கடனா காணிக்கையா என்று முதல் நாளே எழுத வேண்டும். திறப்புவிழாக் கல்வெட்டு இரண்டு ஆண்டுக் கணக்கு தணிக்கையான பிறகு.

போதகர் ஐயா படித்துவிட்டுக் கடைசி நிபந்தனையை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். மற்றதெல்லாம் நிறைவேறிவிடும், இது ஒன்றுதான் ஓட்டெடுப்பில் தோற்கும் என்பது அவர் கணிப்பு. மண்டபக்காரருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டு, கடனா காணிக்கையா என்ற கேள்விக்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.